ஏழு ஒன்றுகள்

25 நவம்பர் 1931, புதன். பாகூர்.

பள்ளிக்கூட வாத்தியார் ரத்தினம் இன்று திரும்ப வந்துவிட்டான். போன மாதம் என் மகளைப் பெண் கேட்டான். காணி நிலம் இல்லாதவன். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, "இத்த, ஒண்ணும் இதுவும் இல்லாத வேற எண்ணால மீதியில்லாம வகுத்துட்டு வாய்யா, பொண்ணு தரேன்" என்றிருந்தேன். பகா எண் என்று நம்பித்தான் கொடுத்தேன்.

"இருநூத்தி முப்பத்தொம்பதால வகுபடுதுங்க" என்றான். போட்டுப் பார்த்தேன். மீதியே இல்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"ஏழா? நான் சொன்னது பதினொரு ஒண்ணு."

எட்டு ஒன்று, பத்து ஒன்று என்றால் பதினொன்றால் வகுத்துவிடுவான். ஒன்பது என்றால் மூன்றே போதும். பதினொன்று அப்படி லேசில் மசியாது.

அவன் முகம் செத்துவிட்டது. "கொஞ்சம் நாளு குடுங்க" என்றான்.

"எவ்ளோ நாளு வேணுமோ எடுத்துக்க."

கதவுக்குப் பின்னால் மகளின் வளையல் சந்தோஷமாகக் குலுங்கியது.

வருகிற தையில் கல்யாணம் என்று கடலூர்க்காரனுக்கு அவளைப் பேசி முடித்தாயிற்று. அவளுக்கே இன்னும் தெரியாது.