வடமதுரைக் கடையில் நீ தராத மாத்திரை

போன சனிக்கிழமை அப்பாவுக்கு மாத்திரை வாங்க வடமதுரைக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு மருந்துக்கடை இருந்தும் பஸ் ஏறி அங்கேதான் போனேன். உன் கடையை இப்போது உன் தம்பி நடத்துகிறான். கண்ணாடி அலமாரியின் மேல் தடித்த பேனாவால் நீ எழுதி ஒட்டிய அட்டை இன்னும் இருக்கிறது. "இதய மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது. கெஞ்ச வேண்டாம்." பக்கத்தில் நின்ற ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை நீ எழுதிய நாளில் நானும் அந்தக் கடையில்தான் இருந்தேன்.

மருந்தியல் கல்லூரியில் நாலு வருஷம் நாம் ஒரே பெஞ்ச். சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு டிகாக்சின் என்ற இதய மாத்திரையில் பாதி. மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்து வைப்பாய். மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில் உனக்கு இரண்டு நாள் வாந்தி பேதி. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாய்.

"ஸ்டெல்லா, இந்தச் சுவரு ஏன்டி மஞ்சளா இருக்கு? நேத்து வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. உடம்பில் நீர் வற்றி, மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் தங்கி, பார்வையை மஞ்சளாக்கிவிட்டது என்று என்னைவிட முன்னால் கண்டுபிடித்தது நீதான். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் நான் அழுதுகொண்டு வந்தேன். நீ உன் நாடியை நீயே பிடித்து எண்ணிக்கொண்டு வந்தாய்.

படிப்பு முடிந்து நீ ஊரில் கடை போட்டாய். நான் பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். நம் செல் ஒவ்வொன்றின் மேல்சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் குட்டிப் பம்புகள் உண்டு. டிகாக்சின் அந்தப் பம்பை மந்தமாக்கும். அதனால்தான் தளர்ந்த இதயம் கொஞ்சம் அழுத்தமாகத் துடிக்கிறது. அதே பம்பைப் புற்றுநோய்ச் செல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது எங்கள் வேலை. கிண்ணத்தில் வளர்த்த புற்றுச்செல்கள் முதன்முதலாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். நீ வாழ்த்துச் சொல்லவில்லை.

"எம்புட்டு ஊத்துன?" என்று கேட்டாய். சொன்னேன்.

"அம்புட்டு ஒருத்தி ரத்தத்துல போச்சுன்னா, கட்டிக்கு முன்னாடி அவ போயிருவா. அதையும் எழுதியிருக்கியா?"

எழுதியிருக்கவில்லை. அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன்.

பிறகு உனக்கே மார்பில் கட்டி வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை, அதன்பின் கீமோ. நான் லீவு போட்டு வந்து உன்னோடு இருந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ பாட்டுக்குக் கடையைத் திறந்தாய். அப்போதுதான் செல்போனில் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது: இதய மாத்திரை புற்றுநோயைக் கொல்லுமாம்.

மல்லிகை போடும் விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். வீட்டுக்காரிக்குப் புற்றுநோய், கீமோ ஒரு தவணை போட்டதிலேயே பயந்து நிறுத்திவிட்டார்கள்.

"தாயி, ரெண்டு அட்டை குடு. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார்.

"தர மாட்டேன்ணே."

"அவ செத்துப்போவா தாயி."

நீ தலைத்துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தாய். மொட்டைத் தலையோடு அவரைப் பார்த்து நின்றாய். "எனக்கும் அதே நோவுதாண்ணே. இந்த மாத்திரையை வருசக்கணக்கா தின்னுக்கிட்டு இருக்கும்போதேதான் எனக்கு வந்துச்சு. டப்பா டப்பாவா என் கைக்கெட்டுற தூரத்துல கெடக்கு. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒண்ணாவது போட்டேனா? இவ என் கூடப் படிச்சவ. இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுறா. இவளையே கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் மனுசருக்கு ஆகும்னு தெரியலைங்கய்யா. அளவு கூடினா இதயம் நின்னுரும்" என்றேன். அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நீ டாக்டருக்குப் போன் போட்டு, விட்டுப்போன கீமோவுக்கு நாள் வாங்கினாய். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நீயே அவர்கள் இருவரையும் மதுரை பஸ்ஸில் கூட்டிப் போனாய். கிளம்பும் முன் எழுதியதுதான் அந்த அட்டை.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. உனக்கு நோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகு, நானே உன்னிடம் கேட்டேன்: "டாக்டர்கிட்டப் பேசி டோஸைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா?"

மூச்சு வாங்கிக்கொண்டே என்னை முறைத்தாய். "நீ ஆராய்ச்சிக்காரியா கேக்குறியா, ஃப்ரெண்டா கேக்குறியா? எதுவா இருந்தாலும் இதைக் கேக்கக் கூடாதுடி." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பயமாத்தான் இருக்கு. அதுக்காக உன்னையும் உன் ஆராய்ச்சியையும் நான் கெடுக்க மாட்டேன்."

அடுத்த மாதம் நீ போய்விட்டாய். அழுதேன். ஆனால் உன்னை அடக்கம் செய்த இடத்தில் நின்றபோது அழுகையையும் மிஞ்சி எனக்குள் இருந்தது பெருமைதான். மல்லிகைக்காரரும் அவர் வீட்டுக்காரியும் வந்திருந்தார்கள். அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். தோட்டத்தில் பூவெடுக்கப் போகிறாராம்.

இந்த வருஷம் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. குறைந்த அளவில், இதயத்தை விடாமல் கண்காணித்தபடி, மதுரை ஆஸ்பத்திரியில் சில நோயாளிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கப்போகிறோம். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'இந்த மருந்து உங்களைக் குணப்படுத்தும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது' என்பது அதன் முதல் வரி. இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன்.

முதலில் வந்த பெண் அந்த வரியை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டார்.

"ஆறு மாசமா எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்னுதாம்மா சொன்னாங்க. தெரியலைன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். எங்க கையெழுத்துப் போடணும்?"