தண்ணிக்கு எலும்பின் எண்

மார்ச் 3

அண்ணனுக்கு இன்று என் மேல் கடும் கோபம். காரணம் ஒரு கழுதை.

கம்ப்யூட்டருக்குள் ஒரு போலி உடம்பை அடுக்கி, அதற்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை ஸ்கேன் படமாக்குவது அவன் வேலை. ஒலி-போலி கம்பெனி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நேற்று அவன் குளிக்கப் போன நேரம், போலிக் கல்லீரலின் புள்ளிகளை நகர்த்திக் கழுதை முகம் செய்தேன். அது தெரியாமல் ஆபீஸில் எல்லார் முன்னாலும் ஓட்டியிருக்கிறான். காது ரொம்பத் தெளிவாம்.

"வெச்சதைத்தாண்டி அது காட்டும், பிசாசே!" என்று கத்தினான்.

அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள்.

மார்ச் 9

அம்மாவுக்கு மார்பில் கட்டி. இது நிஜ ஸ்கேன். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். அம்மா முகம் வெளுத்துப்போச்சு.

"அவ்ளோ பெரிய பஸ்ஸை ஓட்டறே, ஊசிக்கா பயம்?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 11

அண்ணன் விளக்கினான். வெறும் நீர்க்கட்டி என்றால் ஒலி தடையில்லாமல் போகும். படத்தில் கட்டிக்குக் கீழே வெளுப்பாக இருக்கும். கெட்ட கட்டி பெரும்பாலும் ஒலியை விழுங்கும், கீழே நிழல்.

அம்மா படத்தில் கீழே கறுப்பு.

அவன் படத்தை உறைக்குள் செருகிவிட்டான். 

மார்ச் 16

ஆபீஸ் போகாமல் போலி மார்புக்குள் நீர்க்கட்டி வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தான். இன்று கத்தினான்: "அம்மா, வந்து பாரு! நீர்க்கட்டி வெச்சாலே உன் படம் அப்படியே வருது. வெறும் தண்ணிதாம்மா!"

அம்மா அவன் தலையைக் கோதினாள். ஊசிக்குக் குறித்த தேதியை ரத்து செய்துவிட்டாள்.

மார்ச் 17

மறுபடி கழுதை வைக்கத்தான் போனேன். சத்தியமா. தண்ணீர் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்று எழுதும் கட்டத்தில், அடுத்த வரியில் எலும்புக்கு இருக்கும் அதே எண். பேர் தண்ணி, எண் எலும்பு. அதனால்தான் கீழே கறுப்பு. எந்த உடம்பில் இருக்கு இப்படி ஒரு தண்ணி?

"படம் பொருந்துதில்ல? போடி," என்றான்.

"நான் கழுதை வெச்சேன், கழுதை வந்துச்சு. நீ தண்ணின்னு எலும்பை வெச்சிருக்கே."

கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 18

அம்மாவிடம் சொன்னேன்.

"உன் விளையாட்டை இதுலயும் காட்டாதேடி. பாவம், தூங்காம செஞ்சிருக்கான்."

விளையாட்டு இல்லம்மா — எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொன்னா நம்புவே? எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதானே.

ஏப்ரல் 2

இன்றும் சொன்னேன். இன்றும் திட்டு.

மே 20

அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்ட பிறகுதான் ஊசி. கெட்டதுதான். டாக்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"எனக்கு ஊசின்னா பயம் டாக்டர். நான்தான் வரலை."

நவம்பர் 8

அம்மாவின் காரியம் முடிந்து, அவள் யூனிஃபார்மை பஸ் டிப்போவில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அண்ணன் வெகுநாள் கழித்துக் கம்ப்யூட்டரைத் திறந்தான். தண்ணீரின் எண்ணைத் திருத்தி ஓட்டினான். கட்டிக்குக் கீழே பளிச்சென்று வெளுப்பு.

நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

"ஏதாவது வையேன்டி. கழுதையாச்சும்."

உட்கார்ந்தேன். ஒரு புள்ளியைக்கூட நகர்த்தத் தோன்றவில்லை.