நீ திறந்து பார்க்காத ஜாடி

மச்சான்,

நம் தங்கச் சுரங்க ஊரில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் இன்று கறுப்புத் திராட்சை வந்து இறங்கியிருக்கிறது. வாசனை மூக்கில் ஏறியதும் நாம் தேவனஹள்ளிக்குப் போன நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

என் தங்கச்சி கண்ணை மூடியபின் கிறிஸ்துமஸ் ஒயினை நீயே போட்டாய். இரண்டு வருஷமும் வெறும் காடி. "அவ கை ருசி எப்டிடா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். திராட்சை விளைகிற ஊரிலேயே கேட்போம் என்று உன்னை பஸ் ஏற்றினேன். கர்நாடகத்தில் எனக்குத் தெரியாத ஊர் ஏது?

அந்த ஊர்க் கோட்டை வாசலிலேயே ஆரம்பித்தாய். இந்தக் கல்லை எப்படித் தூக்கினார்கள், மதிலுக்குள் குடியிருப்பவர்கள் எந்தக் காலத்து ஆட்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அடியில் நந்தி மலை வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது, வெட்டியது எங்கள் தாத்தா என்றேன்.

"கோட்ட கட்டி எரநூறு வருஷத்துக்கு மேல ஆவுது. உங்க தாத்தா இன்னா, அப்பவே ஷிப்ட் போனாரா?" என்றாய். பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவும் சிரித்தது.

பிறகு ஊருக்கு வெளியே ஒயின் ஆலை. பீப்பாய்கள் அடுக்கிய நிலவறையில் இறங்கியதும், சுரங்கத்தில் வேலை செய்த பழக்கத்தில் கைத்தடியால் கூரையைத் தட்டிக் காது கொடுத்தாய். சுற்றிக் காட்டிய தமிழ்ப் பெண் மிரண்டுபோனாள்.

"இன்னா தாத்தா பண்றீங்க?"

"கல்லு லூசா இருந்தா சத்தம் வேற மாதிரி வரும்மா. இது கெட்டிதான், தைரியமா நில்லு."

அப்புறம்தான் உன் காடிக் கதையைச் சொன்னாய்.

"ஜாடிய நடுவுல தொறப்பீங்களா?" என்றாள்.

"தெனமும் தொறப்பேன். உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிய வேணாமா?"

"அதான் தாத்தா. காத்து பூந்து பூந்து புளிச்சிடுது."

அந்த வருஷம் போட்ட ஒயின் பொங்கி அடங்கியதும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். "எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. நீ வெச்சிரு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, தொறந்து பாக்க மாட்டே."

பண்டிகைக்கு முன்பே நீயும் அவளிடம் போய்விட்டாய். கிறிஸ்துமஸ் அன்று உன் மகளை வரவழைத்து, அவள் கையாலேயே திறக்க வைத்தேன். ஒரு வாய் குடித்தவள் டம்ளரை மறுபடி நீட்டினாள்.

"அம்மா போட்டா மாதிரியே இருக்குது மாமா. பாலகாட்ல எல்லாரும் நீங்க போட்டதுன்றாங்களே?"

எங்கள் பாலகாட் குடியிருப்பில் அப்படிச் சொல்லி வைத்தது நான்தான்.

"உங்கப்பா போட்டதும்மா" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அவ்வளவுதான் சொல்கிறேன், மச்சான்.