குசினிச் சுவரும் கந்தோர் டெப்பும்

மாசி 5, புதன்

விடியக் கிளம்பும்போதே தூறல். மண்முனைப் பாலத்தில் நல்ல காற்று, ஸ்கூட்டியை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் கடந்தது. கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால, வயலோரத்து வீடு. முந்தின ராவு யானை வந்து குசினிச் சுவரை இடிச்சு நெல்லு மூட்டையை வெளியே இழுத்திருக்கு. வீட்டுக்காரி யோகேஸ்வரி, என் வயசுதான் இருக்கும். புருசன் கட்டாரில். வீட்டில் அவவும் படிக்கிற மகளும்.

யானை நட்டஈட்டுப் பதிவுக்குக் கந்தோர் டெப்லெட்டில் படம் எடுத்தேன். சுவர், வளைஞ்ச தகரம், நசுங்கின பானை, முற்றத்துச் சேற்றில் கால்தடம்.

"மிஸ், கல்லை எல்லாம் அள்ளட்டா? குசினிக்குள்ள கால் வைக்க இடமில்ல."

"இப்ப தொடாதீங்க. படம் கந்தோருக்குப் போய்ச் சேரட்டும். மறுகா சொல்லுறன்."

அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. செட்டிபாளையத்துக்கு வீடு வந்து சேர்ந்தால் கரண்ட் இல்லை. படுக்கப்போகும்போதுதான் வந்தது. டெப் தன்பாட்டில் ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது. நாளைக்கு அனுப்பலாம்.

உப்பு முடிஞ்சுது. வாங்கவேணும்.

மாசி 6, வியாழன்

படங்கள் இல்லை.

ஒண்டுகூட இல்லை. முதல்நாள் என் கண்ணால் பார்த்த படங்கள். கெமராவுக்குள் இல்லை, கலரிக்குள் இல்லை, வேறெங்கும் இல்லை. திறந்ததில் இருந்து அது என்னைக் கேள்வி கேட்குது. அனுமதிக்கவா? சரி. ஒத்திசைக்கவா? சரி. மாற்றங்களை ஏற்கிறீர்களா? சரி, சரி. 'சேமிப்பகம் நிரம்பியுள்ளது' என்று வேறு.

என் மனிசன் பேப்பருக்குள் இருந்து தலையைத் தூக்காமல், "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்." நாலு தரம் பண்ணியாச்சு. "அப்ப உன்ர போனில எடுத்திருக்கலாமே." போனில் எடுத்தால் பதிவில் ஏறாது, டெப்பில் எடுத்தது மட்டும்தான் ஏறும் என்று இவருக்கு இந்த மாசம் எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். பாட்டு. பிறகு ஒரு தம்பியின் குரல். "அப்டேட் பண்ணுங்க மிஸ்." பண்ணினேன். அப்டேட் பண்ண இடம் போதாதாம். "அப்ப எதையாவது அழியுங்க மிஸ்." அழிக்கத்தானே என்னிடம் ஒண்டும் இல்லை!

கலரியில் ஒரேயொரு படம் மட்டும் கிடந்தது. யாரோ ஒரு ஆளின் கால் பெருவிரல், பஞ்சு வைத்துக் கட்டினது. நான் எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. அழித்தேன்.

மேலதிகாரி: "திங்கள் பின்னேரத்துக்குள்ள பதிவு போகாட்டி அந்த வீட்டு நட்டஈடு அடுத்த மாசத்துக்குத்தான் போகும்." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாசி 7, வெள்ளி

காத்தான்குடியில் போன் கடை. நான் போன நேரம் ஜும்ஆத் தொழுகை, கடை பூட்டு. வாசலில் வெயில். திறந்ததும் முதலாளி டெப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெமரி கார்ட்லதான் பிழை மிஸ். பழசு. புதுசு போட்டா இன்ஷா அல்லாஹ் சரி வரும்."

புதுக் கார்ட் போட்டார். கடை மின்விசிறியைப் படம் எடுத்தோம். நின்றது. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினோம். அப்பவும் நின்றது. எனக்குச் சந்தோசம்.

யோகேஸ்வரிக்கு எடுத்தேன். நாளைக்குத் திரும்ப வந்து படம் எடுக்கவேணும் என்று போனில் சொன்னேன். 

"நான் ஒண்டும் தொடல்ல மிஸ். வெளியிலதான் சமைக்கிறன். மழைதான் விடுறதாயில்ல."

போனை வைத்த பிறகு மின்விசிறிப் படத்தைத் திரும்பவும் திறந்து பார்த்தேன்.

மாசி 8, சனி

திரும்பவும் பாலம், திரும்பவும் தூறல்.

யோகேஸ்வரி கோயிலுக்குப் போற மாதிரிச் சீலை உடுத்து, பொட்டு வைத்து, தலை வாரி இழுத்து நின்றா. படமெடுக்க வருகிறேன் என்று சொன்னேனாம். இடிஞ்ச கல்லுகள் கிடந்தது கிடந்தபடி. முற்றத்தில் ஒரு தரப்பாள், அதுக்குக் கீழே அடுப்பு, ஈர விறகு, புகை. மகள் குடையோடு குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தாள். கால்தடம் மழையில் கரைஞ்சு வெறும் குழி. அதை எடுத்து என்ன செய்ய? எடுத்தேன்.

எடுத்ததை அவவுக்குக் காட்டினேன். "இஞ்ச பாருங்க, எல்லாம் நிக்குது."

"அண்டைக்கும் நிண்டதுதானே மிஸ்."

டெப்பைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உடனே பதிவைத் திறந்தேன். 'பராமரிப்பு நடைபெறுகிறது. ஞாயிறு மாலை வரை சேவை இல்லை.' டெப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ராவைக்குச் சமைக்கவில்லை, கடைப் பாண்.

மாசி 9, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு. திறந்ததும் என்னவோ கேட்டது, சரி என்று அமத்தினேன், இப்ப மின்விசிறிகூட இல்லை.

டெப்பைக் கட்டிலில் எறிந்தேன். கட்டில் என்றபடியால் தப்பியது. குசினிக்குப் போய்ச் சும்மா நின்றேன். தேங்காய் திருவ எடுத்து, திருவாமல் வைத்தேன். யோகேஸ்வரியை மூன்றாம் தரமும் போய் எப்படிப் பார்க்கிறது, என்னவென்று சொல்கிறது?

திரும்ப வந்து பார்த்தால் கலரியில் புதுப் படம் ஒண்டு. என் கண்ணுக்கு முன்னால் வந்து விழுந்தது. அதே பெருவிரல், கட்டு அவிழ்த்தது. பிறகு இன்னொண்டு: கதிரையில் காலை நீட்டிக்கொண்டு குணரெத்தினம் சேர்.

எனக்கு முதல் இந்த டெப்பை வைத்திருந்தவர். பென்சன் எடுத்துத் தன்னாமுனையில் இருக்கிறார்.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், உங்கட போனில யானை உடைச்ச வீடு ஏதும் வருதா?"

"ஐயோ பிள்ளை, அதையேன் கேக்கிறாய். ஒரு மாசமா உடைஞ்ச வீடுதான் வருது. ஏதோ வைரஸ் எண்டு நினைச்சன். விடிஞ்சா முதல் வேலை அதை அழிக்கிறதுதான்."

அவருடைய கணக்கு இன்னும் டெப்பில். நான் எடுக்கிறதெல்லாம் அவர் போனுக்குப் போகுது. அவர் அங்கே அழிக்க, இங்கே டெப் என்னிடம் அனுமதி கேட்க, நான் வாசிக்காமல் சரி என்று அமத்தியிருக்கிறேன். முந்தின வீடுகளை அண்டண்டைக்கே அனுப்பிவிட்டதால் தெரியவில்லை. அவர் விரலை நான் அழித்தேன், என் சுவரை அவர் அழித்தார்.

யாரோடு கோபப்படுகிறது என்று தெரியவில்லை. கார்ட்டோடு கோபப்பட்டேன்.

மாசி 10, திங்கள்

கந்தோருக்கு அரை நாள் லீவு. தன்னாமுனை. மழை இல்லை, புழுக்கம்.

சேர் காலை நீட்டியபடி. சீனி வருத்தம், விரலில் புண். கொழும்பில் இருக்கிற மகள் தினமும் படம் அனுப்பச் சொல்லிக் கட்டாயமாம். "வியாழக்கிழமை எடுத்த படம் அனுப்ப முதல் காணாமப் போச்சு, அதுக்கு அவ என்னோட சண்டை" என்றார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்ததெல்லாம் அவர் போனின் குப்பைத்தொட்டிக்குள் இருந்தது. என் படங்கள் எல்லாம், புதன் எடுத்ததும் சனி எடுத்ததும். அவர் ஒவ்வொண்டாகத் தொட, டெப்பில் ஒவ்வொண்டாக வந்தது. அவருடைய மனிசியும் எட்டிப் பார்த்து ஒரு படத்தைக் காட்டினா. "இந்தப் பிள்ளை ஆர்? பாவம்" என்றா.

புதன்கிழமைப் படம். வளைஞ்ச தகரத்தை எடுத்தது. ஓரத்தில் யோகேஸ்வரி, நைற்றியோடு, தலை விரிஞ்சபடி, நசுங்கின பானையை வயிற்றோடு அணைச்சுக்கொண்டு அழுகிறா. நான் அவவுக்கு நேரே நின்றுதான் எடுத்திருக்கிறேன். அவ அழுததைக் காணவில்லை. தகரம் முழுசாக விழுகுதா என்று பார்த்திருப்பேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவருடைய கணக்கை டெப்பில் இருந்து எடுத்தோம். அது நிச்சயமா என்று கேட்டது. வாசித்துப் பார்த்துத்தான் சரி என்று அமத்தினேன். அங்கேயே இருந்து பதிவை அனுப்பினேன். கால்தடம், பானை, சுவர். அவ அழுகிற படத்தை விட்டுவிட்டேன். அது கந்தோருக்குத் தேவையில்லை. மூன்று மணிக்கு முதல் 'கிடைத்தது' என்று வந்தது. மேலதிகாரிக்கும் எடுத்துக் கேட்டேன். ஓம், வந்திருக்கு என்றார்.

வீதிக்கு வந்து யோகேஸ்வரிக்கு எடுத்தேன்.

"படம் போய்ச் சேந்திட்டு. இனிக் கல்லை அள்ளலாம்."

"மெய்தானா மிஸ்?"

"மெய்தான்."

"அப்ப நாளைக்கே மேசனைக் கூப்பிடுறன். சனிக்கிழமை வாங்க மிஸ், புதுக் குசினியில சோறு தின்னலாம்."

வாறன் என்றேன்.

"டெப்பைக் கொண்டு வராதீங்க" என்றா.