பத்தடித் தண்ணீர்

என் பாசத்துக்கும் என் கோபத்துக்கும் சொந்தக்காரியான வசந்தி அக்காவுக்கு,

உனக்கு நீச்சல் தெரியாதாம். பயந்துபோய்த் தண்ணீரைக் குடித்துவிட்டாயாம். அந்த ஸ்கூபா பயிற்சியாளன் போலீஸிடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறான். புனேயில் நம் கட்கிப் பள்ளியில் நீச்சல் கோப்பையை ஒருத்திக்கும் விட்டுக்கொடுக்காத உன்னைப் பற்றி!

அந்தமான் கடலில் மூழ்கிப் பார்க்கப் போகும் முன் பழகிக்கொள்ளலாம் என்றுதானே ஹிஞ்சவடி ஆபீஸ் தோழிகளோடு அந்தக் கிளப் குளத்துக்கு வந்தாய்? நான் உன் துண்டோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே வரணும் என்றான். வரும்போது மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே வா என்பதை மட்டும் சொல்லவில்லை. நீயோ நீச்சல்காரி. பழக்கப்படி அடக்கிக்கொண்டு வந்தாய். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும், வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரலையே கிழிக்கும். எனக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"நெஞ்சு பிடிக்குதுடி," என்றாய். குரல் உன்னுடையதாகவே இல்லை. அப்புறம் வலது கையைத் தூக்க வரவில்லை.

"குச் நஹீ, கப்ரா கயீ." பயந்துட்டாங்க, ஒண்ணுமில்லை என்று சிரித்தான். நாற்காலியில் உட்காரவைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தான். மட்டமாகப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்கணுமாம், அக்கா. அங்கே ஆக்சிஜனே கிடையாது.

ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் குடித்துவிட்டாள் என்றே சொன்னான். நீ மயங்கிய பிறகுதான் ஒரு டாக்டரம்மா உன் கழுத்தை அழுத்திப் பார்த்தார். தோலுக்கடியில் காற்று நொறுநொறுவென்றது.

"சிலிண்டர் காத்தை இழுத்தாங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமா டாக்டர்."

"இதை ஏன் யாருமே சொல்லலை?"

காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கும், காற்றழுத்தம் கூட்டும் அறையில் வைத்தால்தான் கரையும், அது மும்பையில் இருக்கிறது என்றார். அவர் மும்பைக்குப் போனில் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய்.

வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது தெரியுமா? போன ஞாயிறு போனேன். ஆக்சிஜன் எங்கே என்று கிளப் மேனேஜரைக் கேட்டேன். மூலையிலிருந்த சிலிண்டரைக் காட்டினான். திருகினேன். காலி!

"பத்தடித் தண்ணிதானே மேடம், இதுல என்ன ஆகும்?" என்கிறான். எவ்வளவு திமிர்! உன்னைக் கொன்றதும் அதே பத்தடிதானே?

வரிசையில் நின்றவர்களிடம் எனக்கு வந்த மராத்தியில் நடந்ததைச் சொன்னேன். ஒரு அம்மா மட்டும் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வெளியேறினாள். மற்றவர்கள், வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டரம்மா கோர்ட்டுக்கு வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரை நான் சும்மா இருக்க மாட்டேன், அக்கா. கேட்டுக்கு வெளியே இருக்கிற ரோடு அந்த மேனேஜரின் அப்பன் வீட்டுச் சொத்தில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நிற்பேன். உள்ளே போகிற ஒருத்தரையும் உனக்கு நடந்ததைச் சொல்லாமல் விட மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கௌரி