சத்தமில்லாமல் நீ நடத்திய பாடம்

நேற்று பென்னாகரம் பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒரு டீக்கடையின் தகரக் கூரையடியில் ஒதுங்கினேன். பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் என்னவோ கேட்டாள். உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை. பிறகு அவள் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையைச் சுழற்றி, பஸ் போய்விட்டதா என்று சைகையில் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பாவம், அவள் பயந்துபோனாள்.

எண்பதுகளில் நாம் பாடம் நடத்திய பள்ளிக்கும் தகரக் கூரைதான். நடுவில் சுவரில்லாத ஒரே நீள அறை. இந்தப் பக்கம் என் வகுப்பு, அந்தப் பக்கம் உன் ஒன்றாவதும் இரண்டாவதும். நான் கம்பைநல்லூர்க்காரி, நீ தர்மபுரிக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பென்னாகரத்தில் ஓர் அறை எடுத்துச் சேர்ந்து தங்கி, காலை பஸ்ஸில் அந்தக் காட்டோரத்து ஊருக்குப் போவோம். பிள்ளைகள் முன்னால் "வாங்க டீச்சர்", அறைக்குத் திரும்பினால் "வாடி".

மாதம்மா உன் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வீட்டில் கன்னடம். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை. "இவளுக்கு ஒண்ணும் ஏறலை, அடுத்த வருஷமும் இங்கேயே உக்காரட்டும்" என்று நான் சொன்னபோது நீ கோபப்பட்டாய்.

"எங்க வூட்ல உருது. நானும் முதல் வருஷம் வாயத் தொறக்கல. உள்ள எல்லாம் போய்ட்டுதான் இருந்துச்சு. பேசுனா சிரிப்பாங்களேன்னு பயம், அவ்ளோதான்."

காலாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் அந்த மழை வந்தது. வெகுநாள் காய்ந்து கிடந்த ஊர். தகரத்தின்மேல் கல்லைக் கொட்டியதுபோல் சத்தம். நான் கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தேன். நீ உட்காரவில்லை. உதட்டில் விரலை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாய். பலகையில் ஓர் ஆட்டை வரைந்து, பக்கத்தில் 'ஆடு' என்று எழுதினாய். பிறகு நீயே ஆடாகி, ஒரு பையனை முட்டப் போனாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்தச் சிரிப்புகூட மழையில் கேட்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் உன் பக்கம் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.

நீ சாக்பீஸை நீட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தலையசைத்தாய். சுவரோரத்திலிருந்து மாதம்மா எழுந்து வந்தாள். சாய்ந்த கூரையும் ஒரு கதவுமாக ஒரு வீடு வரைந்தாள். அதன்கீழே மெதுவாக எழுதினாள்: 'மனெ'.

வீட்டுக்குக் கன்னடத்தில் அதுதான் சொல். எழுத்துகள் மட்டும் தமிழ். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது! ஒருவன் தப்பு என்று கையை ஆட்டினான். நீ அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, 'மனெ'க்குப் பக்கத்தில் 'வீடு' என்று எழுதினாய். அதன்கீழே, நம் பிள்ளைகள் சொல்கிறபடி 'வூடு'. அப்புறம் உன் உருதுவில் 'கர்'. தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து 'இல்லு' என்று சேர்த்தாள். நீ எல்லாச் சொற்களையும் சேர்த்து ஒரு பெரிய வட்டம் போட்டு, மாதம்மா வரைந்த வீட்டுக்கு ஒரு கோடு இழுத்தாய்.

மழை விட்டதும் அவள் பலகையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "மனெ. வீடு." அந்தக் குரலை அன்றுதான் கேட்டோம். லேசாகக் கரகரத்த குரல்.

சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தோம். நீ பேச்சை நிறுத்தவே இல்லை.

"அல்லாவுக்கு நன்றி சொல்லிட்டேன்டி. இன்னும் மிச்சம் இருக்கு. உனக்கும் சொல்லிக்கிறேன்."

"நான் என்னடி பண்ணேன்?"

"கூட நின்னு பாத்தியே. இல்லன்னா நானே கனவுன்னு நெனச்சிருப்பேன்."

விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். பள்ளி திறக்கும் நாள் காலையில் நீ வரவில்லை. பென்னாகரத்திலேயே துணிக்கடை வைத்திருந்த உன் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் துணியை மடிப்பதை நிறுத்தினார். "மஞ்சக்காமாலைங்கம்மா. ஆஸ்பத்திரியில சேத்தும் பிரயோசனம் இல்லாம போச்சு. அடக்கம் பண்ணியும் நாலஞ்சு நாளாச்சுங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பள்ளிக்குப் போகவில்லை. நேராகத் தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "மாதம்மா யாரும்மா? காய்ச்சல்ல அந்தப் பேரையேதான் சொல்லிட்டு இருந்தா."

சொன்னேன். மழை, ஆடு, சாக்பீஸ், வீடு, எல்லாம். நீ முட்டப் போனதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடித்ததும், "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி இன்னொரு தரமும் கேட்டார்.

மறுநாள் இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக உட்கார வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது மாதம்மா எழுந்தாள். எல்லார் முன்னாலும், நல்ல தமிழில், பயமில்லாமல் கேட்டாள்:

"எங்க டீச்சர் எப்ப வருவாங்க டீச்சர்?"

அவள் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது. அதை உன் காதால் நீ கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தமிழில் வாய் வரவில்லை. தெரிந்த கொஞ்சக் கன்னடத்தில், "பரல்ல" என்றேன். வரமாட்டாங்க. அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். பிறகு சிலேட்டை எடுத்து மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆனால் சுவரோரத்துக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டு ஓய்வும் பெற்றுவிட்டேன். திட்டு, இடமாறுதல், எதுவும் ஏறாத வகுப்பு என்று கெட்ட நாட்கள் நிறைய வந்தன. அவற்றைத் தனியாகவே தாங்கிக்கொண்டேன். ஆனால் எப்போதாவது ஒரு பாடம் அப்படியே பற்றிக்கொள்ளும். ஒரு பிள்ளையின் முகம் சட்டென்று திறக்கும். அந்த நொடியில் என் தலை தானாக அறையின் மறுபக்கம் திரும்பும், நீ பார்த்தாயா என்று. அங்கே எப்போதும் சுவர்தான் இருந்தது. சந்தோஷத்தைத் தனியாகத் தாங்க மட்டும் நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.