மீனுக்கு மட்டும் நல்ல தண்ணி

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது ஜோடியும் காலி. காலையில் பார்த்தால் ஆண் மீன் மல்லாந்து மிதக்கிறது. மனைவி பல் துலக்கியபடியே வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு ஜோடி. அதுவும் போச்சுன்னா தொட்டி பரணுக்கு, என் தையல் மெஷின் இந்த மூலைக்கு."

பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நான். ஓரம் உடைந்த பிஸ்கட்டை எட்டி நின்றே கண்டுபிடித்துத் தள்ளுகிறவன். வீட்டில் என்னைத் தள்ள ஓர் ஆள் போதும்.

மார்ச் 5

மீன் கடைக்காரரிடம் போனேன். "தண்ணிதான் சார் கோளாறு. இதுங்களுக்கு நல்ல தண்ணி வேணும்" என்றார். அவ்வளவுதானே! எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. புது ஜோடியைச் சொல்லிவைத்துவிட்டு, வரும் வழியிலேயே ஓர் ஆர்.ஓ. ஃபில்டர் வாங்கிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. நானேதான். வெளியே வருவது இரண்டு குழாய்கள், இரண்டும் வெள்ளை. ஒன்றில் சுத்தத் தண்ணீர் நூலாக வரும். அது மீன்களுக்கான டிரம்முக்கு. மற்றதில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த கழிவு தாராளமாக வரும். அது துணி துவைக்கும் இடத்து வாளிக்கு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தேன்; எண் குறைந்தால் சுத்தம். டிரம்மில் பன்னிரண்டு! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பன்னிரண்டுன்னா பாஸா, ஃபெயிலாப்பா?" என்றாள்.

டிரம்மில் 'சோதிக்கப்பட்டது' என்றும், வாளியில் 'கழிவு – குடிக்கக் கூடாது' என்றும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

மனைவி கெட்டிலோடு வந்து நின்றாள். "டீக்கு மட்டும் இதுல கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?"

"மீனுக்கே பத்தாது" என்றேன்.

சமையலறைக் குழாயில் பிடித்துக்கொண்டு போனாள். சொன்னபோது நியாயமாகத்தான் இருந்தது. எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

மாலை

ஒழுகல். சுவரெல்லாம் ஈரம். எல்லாவற்றையும் கழற்றி, டேப் சுற்றி, திரும்ப மாட்டினேன். இப்போது சொட்டுக்கூட இல்லை. அதோடு, நான் இறுக்கிய இறுக்கில் டிரம் மூன்று மடங்கு வேகத்தில் நிறைகிறது! வாளியில் நூல் மாதிரிதான் விழுகிறது. ஃபில்டர் செய்தவனுக்கே தெரியாத நுணுக்கம் இது.

மார்ச் 12

தொட்டியின் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு டிரம் தண்ணீரை நிரப்பினேன். புது ஜோடி வந்தது. ஆண் நல்ல நீலம், பெண் மஞ்சள். மகள் 'மேனேஜர்', 'மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 20

இரண்டும் துள்ளுகின்றன. ஆபீஸ் கேன்டீனில் நீரின் தூய்மை பற்றிப் பேசினேன். கணக்குப் பிரிவுக்காரர் பாதியில் எழுந்து போய்விட்டார். அவருக்கு எங்கே புரியப்போகிறது.

மார்ச் 23

டீ பிரமாதம். "தூள் மாத்தினியா?" என்று கேட்டேன். "கை மாறல, அடுப்பு மாறல" என்றாள். தூளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மார்ச் 31

மேடம் சாப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் நிற்கிறது. என்ன குறை வைத்தேன்?

ஏப்ரல் 3

இன்றும் சாப்பிடவில்லை. மனைவி அளவு டேப்பை எடுத்து, தொட்டி இருக்கும் ஹால் மூலையை அளக்கிறாள். "சும்மாதான்" என்கிறாள். சும்மா அளப்பார்களா யாராவது?

ஏப்ரல் 5, சனி

கடைக்காரரிடம் ஓடினேன். செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். "சீக்கு இல்ல சார், வாய் நிறைய முட்டை! இந்த ஜாதி வாய்லதான் அடைகாக்கும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் சாப்பிடாது."

எனக்குக் கால் தரையில் படவில்லை. "எல்லாம் சுத்தமான ஆர்.ஓ. தண்ணி" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஆர்.ஓ.வா? இது உப்புக் கனத்த ஏரி மீனாச்சே சார். அந்தத் தண்ணியில இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணுமே."

"நீங்கதானே நல்ல தண்ணி வேணும்னீங்க?"

"நல்ல தண்ணின்னா குளோரின் இல்லாத தண்ணி சார்! குடிக்கிற நல்ல தண்ணியா சொன்னேன்?"

வீட்டுக்கு வந்து மீட்டரை எடுத்தேன். மாட்டிய நாளுக்குப் பிறகு இன்றுதான் எடுக்கிறேன். தொட்டி: அறுநூறு. டிரம்: அறுநூறு. 'குடிக்கக் கூடாது' வாளி: பன்னிரண்டு.

ஒழுகலைச் சரிசெய்தபோது குழாயை மாற்றி மாட்டியிருக்கிறேன். கடவுளே. நானா? கழிவாக இருந்தாலும் ஃபில்டருக்குள் இருக்கும் கரி வடிகட்டியைத் தாண்டித்தானே வருகிறது, குளோரின் அங்கேயே போய்விட்டது. நான் செய்த தப்புதான் மேடத்தைக் காப்பாற்றியிருக்கிறது!

நிமிர்ந்தால் மனைவி. கையில் கெட்டில். உள்ளே வெள்ளைப் படிவு துளிகூட இல்லை, பளபளவென்று இருக்கிறது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் துவையல்லயே. சோப்பு அப்படி நுரைச்சுது. அப்புறம் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மாத்திடுவீங்களே. மீனுக்கே பத்தாதுன்னு."



ஏப்ரல் 14

மேடம் வாயைத் திறந்தது. குஞ்சுகளை எண்ண முடியவில்லை. மகள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். மனைவி அளவு டேப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

குழாயைத் தொடவில்லை. ஸ்டிக்கர்களை மட்டும் இடம் மாற்றி ஒட்டினேன். பிறகு, 'சோதிக்கப்பட்டது' வாளியிலிருந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்து, முதல்முறையாக அவளுக்கு நான் டீ போட்டேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி நல்லாத்தான் இருக்கு."